லாங்டாங்கா, மார்டி ஹிமாலா? பத்து நாள் விடுப்பில் நேபாள மலைகள்

கோலாலம்பூரில் விற்கும் நேபாளச் சுற்றுலாக்கள் பெரும்பாலும் காட்மாண்டு, பொக்காரா, நாகர்கோட் என்ற மூன்று ஊர்களோடு முடிந்துவிடுகின்றன. மலையேறும் ஆசை உள்ளவர்களோ நேரே எவரெஸ்ட் அடிவார முகாமைக் கேட்கிறார்கள். அதற்குப் போக வர இரண்டு வாரமாவது வேண்டும். ஐந்து நாள் விடுப்பு, முன்னும் பின்னும் சனி ஞாயிறு, கூட ஒரு பொது விடுமுறை என்று பத்து நாள் சேர்த்துக்கொண்டு வருபவருக்குப் பொருந்தும் இடங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு.

இடத்தைப் படம் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். இரண்டு எண்களைப் பாருங்கள்: ஒவ்வொரு இரவும் எத்தனை மீட்டர் உயரத்தில் படுக்கப் போகிறோம், சாலையில் எத்தனை மணி நேரம் போகும். கடல் மட்டத்தை ஒட்டிய ஊரில் வாழும் நமக்கு முதல் எண் மிக முக்கியம். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே படுக்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. பகலில் அதற்கு மேல் ஏறலாம். இரவில் இறங்கி வந்து படுக்க வேண்டும்.

"கினபாலு ஏறியாச்சு, இது என்ன பெரிய விஷயம்?" என்று பலர் நினைக்கிறார்கள். கினபாலுவில் ஏறத்தாழ 3,270 மீட்டரில் பாதி இரவு படுத்து, விடியலில் 4,095 மீட்டர் உச்சியைத் தொட்டு, அன்றே அடிவாரத்துக்கு வந்துவிடுகிறோம். உடம்பு முரண்டு பிடிக்கத் தொடங்குவதற்குள் கீழே இருப்போம். நேபாளத்தில் அந்த 3,270 மீட்டருக்கும் மேலே ஓர் இரவிலிருந்து மூன்று இரவு வரை தங்க வேண்டியிருக்கும். தொடை வலிமைக்கும், உயரத்தில் காற்று குறைவதால் வரும் உயர நோய்க்கும் தொடர்பில்லை. வாரம் இருமுறை பத்துமலையின் 272 படிகளைப் பத்துத் தடவை ஏறி இறங்குபவரும் படுத்துவிடலாம், தொப்பை வைத்தவர் நன்றாக இருக்கலாம்.

முதலில் லாங்டாங். காட்மாண்டுவுக்கு வடக்கே, திபெத் எல்லையை ஒட்டிய பள்ளத்தாக்கு. உள்நாட்டு விமானம் தேவையில்லை என்பது பெரிய வசதி. காட்மாண்டுவின் மாச்சாபோக்கரி பேருந்து நிலையத்திலிருந்து சியாப்ருபேசிக்குப் பேருந்தில் ஏழு முதல் ஒன்பது மணி நேரம். ஜீப் என்றால் ஒன்றிரண்டு மணி குறையும். பாதி வழிக்கு மேல் சாலை மோசம். வழியில் உள்ள துன்சேயில் தேசியப் பூங்கா நுழைவுச் சீட்டைப் பார்ப்பார்கள், ராணுவத்தினர் பைகளைச் சோதிப்பார்கள். டிரோன் வைத்திருந்தால் தனி அனுமதி இல்லாமல் தப்ப முடியாது.

சியாப்ருபேசி சுமார் 1,500 மீட்டர். முதல் நாள் நடை ஆற்றோரமாகவே காட்டுக்குள் லாமா ஹோட்டல் என்ற இடம் வரை, 2,400 மீட்டர் சொச்சம். (பெயர்தான் ஹோட்டல், சில விடுதிகள் சேர்ந்த சிறு குடியிருப்பு அது.) அச்சிட்ட திட்டங்கள் சறுக்குவது இரண்டாம் நாளில். லாமா ஹோட்டலிலிருந்து ஒரே மூச்சில் லாங்டாங் கிராமம், 3,430 மீட்டர். ஒரே நாளில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் கூடுகிறது. தலைவலி, பசியின்மை, தூக்கமின்மை எல்லாம் அன்று இரவுதான் தொடங்கும். அந்த நாளை இரண்டாக உடைத்து, கோடா தபேலாவிலோ அதற்குச் சற்று மேலே தாங்ஷ்யாப்பிலோ, அதாவது 3,000 முதல் 3,150 மீட்டருக்குள், ஓர் இரவு தங்குங்கள். ஒரு நாள் கூடும், ஆனால் அந்த ஒரு நாள்தான் பயணத்தைக் காப்பாற்றும். அடுத்த நாள் லாங்டாங் கிராமத்தில் சாப்பிட்டு, நேரே 3,870 மீட்டரில் உள்ள கியாஞ்சின் கோம்பாவுக்குப் போய்விடாமல், கிராமத்திலேயே படுப்பது இன்னும் நல்லது.

லாங்டாங் கிராமத்துக்கு முன் பாதை ஒரு பெரிய கற்குவியலைக் கடக்கும். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் மேலிருந்து சரிந்த பனியும் பாறையும் பழைய கிராமத்தை மூடிய இடம் அது. வழிகாட்டி சொல்லாவிட்டால் வெறும் கல்வெளி என்று நினைத்து நடந்துவிடுவோம். இறந்தவர்களின் பெயர்களோடு நினைவிடம் இருக்கிறது. அங்கே நின்றுவிட்டுப் போங்கள். இரவு சோறு போடும் வீட்டில் பெரும்பாலும் அந்தப் பெயர்களில் ஒன்றுக்கு உறவு இருக்கும். வழியெங்கும் மந்திரம் செதுக்கிய கல் சுவர்கள் வரும். அவை எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கும்படி கடப்பது முறை, நாம் கோயிலை வலம் வருவது போலத்தான்.

கியாஞ்சினில் இரண்டு இரவு இருந்தால் பின்புறக் குன்றான கியாஞ்சின் ரியில் ஏறத்தாழ 4,700 மீட்டர் வரை போகலாம். செர்கோ ரி ஏறத்தாழ 5,000 மீட்டர். முதல் முறை வருபவர் அதை விட்டுவிடுவதே சரி. 1950களில் சுவிஸ் உதவியோடு தொடங்கிய பாலாடைக்கட்டிக் கூடம் கியாஞ்சினில் இருக்கிறது. ஒரு துண்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏறினால் மேலே பசிக்கு உதவும்.

சாப்பாட்டைப் பற்றி நம்மவர்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள். தேவையில்லை. சோறு, பருப்பு, ஒரு காய், ஊறுகாய் கொண்ட தால் பாத் எல்லா விடுதியிலும் உண்டு, கேட்டால் மறுபடியும் வைப்பார்கள். கியாஞ்சின் உயரத்தில் தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும், பாத்திரத்தில் வைத்தால் அரிசி சீக்கிரம் வேகாது. அதனால் மாலை ஐந்து மணிக்கு மேல் எந்தச் சமையற்கட்டிலும் குக்கர் விசில் கேட்டபடி இருக்கும். இறைச்சியைத் தவிருங்கள், கீழிருந்து குளிர்ப்பெட்டி இல்லாமல் நாள்கணக்கில் முதுகில் வருவது அது.

அடுத்தது மார்டி ஹிமால். பொக்காராவுக்கு வடக்கே அன்னபூர்ணா பகுதியில், மலைமுகட்டின் மேலேயே போகும் பாதை. முறையாகத் திறந்தது 2012இல்தான். பொக்காராவிலிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் காண்டே, அங்கிருந்து நடை. ஃபாரஸ்ட் கேம்ப் சுமார் 2,550 மீட்டர், லோ கேம்ப் 3,000, ஹை கேம்ப் 3,550. மூன்று இரவில் உயரம் ஒழுங்காகக் கூடுகிறது. லாங்டாங்கில் நாமே உடைத்துச் சரிசெய்ய வேண்டியதை இங்கே பாதையே ஏறக்குறையச் செய்துவிடுகிறது. ஹை கேம்ப்பில் ஒரே ஓர் இரவு. விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி சுமார் 4,200 மீட்டரில் உள்ள காட்சிமுனையைத் தொட்டு, அன்றே லோ கேம்ப் அளவுக்கு இறங்கிவிடலாம். 6,993 மீட்டர் உயர மச்சாபுச்ரே, மீன்வால் சிகரம், கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல எதிரே நிற்கும்.

இங்கே கெடுக்கிற காரணங்கள் வேறு. முதலாவது தண்ணீர்: முகட்டில் ஊற்று இல்லை, தண்ணீரைக் கீழிருந்து கொண்டுவருகிறார்கள். குளியலை மறந்துவிடுங்கள், குடிநீரும் விலை கொடுத்துத்தான். இரண்டாவது இடம்: ஹை கேம்ப்பில் விடுதிகள் குறைவு. அக்டோபரில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு போனால் சாப்பாட்டு அறை பெஞ்சில் படுக்க நேரிடும். வழிகாட்டியைக் காலையிலேயே தொலைபேசியில் அறை சொல்லிவைக்கச் சொல்லுங்கள். மூன்றாவது மேகம்: ஒன்பது, பத்து மணிக்குள் முகடு மூடிக்கொள்ளும். ஆறு மணிக்கு எழுந்து நிதானமாகப் பசியாறிவிட்டுக் கிளம்புபவர் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பார். இறங்கும்போது சிதிங் கிராமத்து வழி செங்குத்து. ஊன்றுகோல் இரண்டு இல்லாவிட்டால் முழங்கால் பேசும். சிதிங்கிலிருந்து பொக்காராவுக்கு ஜீப் கிடைக்கும்.

ஆக, கையில் ஒன்பதே நாள் என்றால் மார்டி. காட்மாண்டுவுக்கும் பொக்காராவுக்கும் இடையே விமானம் 25 நிமிடம்தான், நேரம் மிஞ்சும். பத்து, பதினொரு நாள் கிடைத்தால் லாங்டாங், அதில் சந்தேகமே இல்லை. மார்டியில் மலையைப் பார்க்கிறோம்; லாங்டாங்கில் மலைக்குள் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கிறோம். பனி பெய்யும் ஜனவரி, பிப்ரவரியில் முதல் முறை வருபவருக்கு இரண்டும் வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை: மார்டி காட்டில் அட்டை, லாங்டாங் சாலையில் மண்சரிவு.

பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களின் கணக்கே வேறு. அவர்கள் கேட்பது முக்திநாத், திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. நடை குறைவு என்பதால் இதைச் சுலபமான பயணம் என்று விற்கிறார்கள். உயரத்தைப் பார்த்தால் இங்கே சொல்லும் இடங்களில் இதுதான் ஆபத்து. பொக்காரா 820 மீட்டர். விமானத்தில் 20 நிமிடத்தில் ஜோம்சோம், 2,700. அங்கிருந்து ஜீப்பில் அன்றே கோயில், 3,700க்கும் மேல். அறுபத்தைந்து வயதில், ரத்த அழுத்த மாத்திரையோடு, அரை நாளில் மூவாயிரம் மீட்டர். போய்ச் சேர்ந்ததும் 108 நீர்த்தாரைகளின் பனிநீரில் தலை நனைப்பு வேறு.

வழி இருக்கிறது. முதல் இரவு ஜோம்சோமுக்கு அருகே உள்ள மார்பாவில் தங்குங்கள்: 2,670 மீட்டர், வெள்ளையடித்த கல்வீடுகளும் ஆப்பிள் தோட்டங்களும் உள்ள அழகான ஊர். இரண்டாம் இரவு 2,800 மீட்டரில் உள்ள காக்பேனி. மூன்றாம் நாள் காலை ஜீப்பில் முக்திநாத் போய்ச் சேவித்துவிட்டு, மதியத்துக்குள் காக்பேனிக்கே இறங்கிவிடுங்கள். மேலே இரவு தங்க வேண்டாம். ஜீப் நிற்கும் ரானிபௌவாவிலிருந்து கோயில் வரை ஏற்றமும் படிகளும் உண்டு, முடியாதவர்களுக்குக் குதிரை கிடைக்கும். ஜோம்சோம் விமானங்கள் காலையில் மட்டுமே பறக்கும்; பகல் ஏற ஏற காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் காற்று பலமாகிவிடும். விமானம் ரத்தானால் சாலையில் பொக்காராவுக்கு முழு ஒரு நாள். கோலாலம்பூர் விமானத்துக்கு முன் ஒரு நாளைச் சும்மா விட்டுவைக்காமல் இந்தப் பயணத்தைப் பதிவு செய்யாதீர்கள்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் கிழக்கே இலாம். காட்மாண்டுவிலிருந்து பத்ரபூருக்கு விமானம் முக்கால் மணி, பிறகு ஜீப்பில் மூன்று நான்கு மணி நேரம். கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளைப் பார்த்துப் பழகியவருக்கு இலாமின் கன்யாம் தேயிலைத் தோட்டம் முதலில் புதிதாகத் தெரியாது. விடியற்காலை ஸ்ரீ அந்து குன்றில் நின்றால் வித்தியாசம் புரியும்: தேயிலைக்கு மேலே கஞ்சன்ஜங்கா. இருப்பதெல்லாம் 2,400 மீட்டருக்குள், உயர நோய்க் கவலை இல்லை. சந்தையில் அக்பரே மிளகாய் கேளுங்கள். செர்ரிப் பழம் போல உருண்டையாக, சிவப்பாக இருக்கும். பாதியைக் கிள்ளிப் பருப்பில் போட்டாலே நாலு பேருக்குக் காரம் போதும்.

பணம், காகிதம்: மலேசியக் கடப்பிதழுக்குக் காட்மாண்டு விமான நிலையத்திலேயே விசா, 15 நாளுக்கு 30 அமெரிக்க டாலர். லாங்டாங் தேசியப் பூங்காவுக்கும் அன்னபூர்ணா பகுதிக்கும் நுழைவுக் கட்டணம் தலைக்கு 3,000 நேபாள ரூபாய். 2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டு மலைநடையாளர்களுக்கு உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயம். நாளுக்கு 25 முதல் 35 டாலர் ஒதுக்குங்கள். காட்மாண்டுவின் சுற்றுலாப் பகுதியான தமேலில் ரிங்கிட்டையே மாற்றிக்கொள்ளலாம். மலைமேல் வங்கி அட்டை செல்லாது, ரொக்கம்தான். சிம் கார்டுக்கு நேபாள டெலிகாம் எடுங்கள், பள்ளத்தாக்குகளில் அதுதான் கிடைக்கும். வழிகாட்டிகளிலும் ஓட்டுநர்களிலும் மலேசியாவில் வேலை செய்து திரும்பியவர்கள் நிறையப் பேர். ஆங்கிலம் தடுமாறினால் மலாயில் பேசிப் பாருங்கள்.

காப்புறுதியில் உயர வரம்பைப் படியுங்கள். பல சாதாரணப் பயணக் காப்புறுதிகள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லாது. லாங்டாங்குக்கு 5,000 மீட்டர் வரையும் ஹெலிகாப்டர் மீட்பும் எழுத்தில் இருக்க வேண்டும். உயரத்துக்கான டயமாக்ஸ் மாத்திரையைக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அவசியம் சொல்லுங்கள். மேலே யாராவது தலைவலியோடு தள்ளாடினால், தரையில் ஒரு கோட்டின் மேல் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் காலை வரை காத்திருக்க வேண்டாம், இரவானாலும் டார்ச் பிடித்துக்கொண்டு இறக்குங்கள்.

தீபாவளியை ஒட்டிப் போவதானால் வானம் தெளிவாக இருக்கும் மாதம்தான், ஆனால் அங்கும் அது பண்டிகை, பெயர் திஹார். நாம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் சதுர்த்தசியன்று அங்கே தெருநாய்க்கும் மாலை போட்டுப் பொட்டு வைக்கிறார்கள். ஊருக்குப் போகும் கூட்டத்தில் பேருந்து இருக்கை கிடைப்பது கடினம். ஜீப்பை முன்கூட்டியே பேசிவையுங்கள், கடைசி இரவைக் கட்டாயம் காட்மாண்டுவில் வையுங்கள். சியாப்ருபேசியிலிருந்து காலையில் கிளம்பி அன்று மாலை விமானத்தைப் பிடிப்பது என்ற கணக்கு, ஒரே ஒரு லாரி பழுதாகி வழியில் நின்றாலும் பொய்த்துவிடும்.