ஹெல்பாய் இல்லாத பி.பி.ஆர்.டி.: பல ஆண்டு வாசிப்புக்குப் பின்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் உள்ள காமிக்ஸ் வாசகர்கள் சிலர், கோவையிலிருந்து வாங்கிவரும் தொகுப்புகளைக் கைமாற்றிப் படித்து வருகிறோம். பேய்களையும் அரக்கர்களையும் எதிர்த்துப் போராடும் ஹெல்பாய் என்ற பேய்ப்பிறவியின் தொடரை முடித்தவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றே: அவன் வேலை பார்த்த அமானுஷ்ய ஆய்வு, பாதுகாப்பு நிறுவனத்தின் பெயரில், அவன் இல்லாமல் வரும் கிளைத்தொடரான பி.பி.ஆர்.டி.க்கும் பணம் செலவிடலாமா? செலவிடலாம் என்பதே பல ஆண்டுகளாக இரண்டையும் திரும்பத் திரும்பப் படித்த என் பதில். அதற்கான காரணங்களைச் சொல்லும்போது முக்கியமான கதைத் திருப்பங்கள் வெளிப்படும் என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறேன்.

மைக் மிக்னோலா 1994இல் டார்க் ஹார்ஸ் வெளியீடாகத் தொடங்கிய மூலத்தொடரின் உயிர் அதன் நாட்டார் கதைகளில் இருக்கிறது. அயர்லாந்தில் தேவதைகள் தூக்கிச் சென்ற குழந்தையை மீட்பதற்காக, பேசும் பிணம் ஒன்றை முதுகில் சுமந்துகொண்டு, விடிவதற்குள் அதைப் புதைக்க இடம் தேடி ஹெல்பாய் அலையும் சிறுகதையை இன்றும் நான் மீண்டும் மீண்டும் எடுத்துப் படிக்கிறேன். இருட்டில் காளையாகவும் நாயாகவும் உருமாறி வருகிற ஒடியனைப் பற்றிக் கேட்டு வளர்ந்த எங்கள் பகுதி வாசகருக்கு, பேய்க்கும் ஒரு நியதி உண்டு, அந்த நியதிக்குக் கட்டுப்பட்டுத்தான் அதை எதிர்கொள்ள முடியும் என்ற அந்தக் கதையின் தர்க்கம் விளக்கமின்றியே புரிந்துவிடுகிறது. இந்த வகைக் கதையில் கிளைத்தொடர் மூலத்தை எட்டவில்லை. எட்டுவதற்கு அது முயலவும் இல்லை.

அது கையிலெடுத்தது வேறொன்றை. உயிருள்ள மண்பொம்மை போன்றவனான ரோஜரின் உடலுக்குள் பி.பி.ஆர்.டி. நிறுவனமே வெடிகுண்டு வைத்து, அதை வெடிக்கச் செய்யும் பொறுப்பையும் தன்னிடமே ஒப்படைத்ததைப் பொறுக்க முடியாமல், 2001இல் வெளிவந்த கதையில் ஹெல்பாய் வேலையை உதறிவிட்டுப் போகிறான். 2002இல் தொடங்கிய பி.பி.ஆர்.டி., அவனைப் போல உதறிவிட்டுப் போக முடியாதவர்களின் கதை: நீரில் வாழும் ஏப் சேப்பியன், நெருப்பைத் தன்னுள் அடக்கி வைத்திருக்கும் லிஸ், உடலை இழந்து ஆவியாக மட்டும் மிஞ்சிய ஜோஹன், இவர்கள் எல்லோரையும் நிர்வகிக்கும் கேட் காரிகன், மற்றும் அந்த ரோஜர். முதல் ஹெல்பாய் கதையில் அச்சுறுத்தலாக வந்துபோன தவளை மனிதர்கள், இங்கே 2004 முதல் நாடெங்கும் பரவும் கொள்ளைநோயாகிறார்கள். ஒரு சாகசம் முடிந்த இடத்தில் எஞ்சிய சேதம் என்னவாயிற்று என்று கேட்பதற்குத் துணிந்ததுதான் இத்தொடரின் பெரிய சாதனை என்று நான் கருதுகிறேன்.

2004இலேயே ஜான் ஆர்குடி எழுத்தில் இணைந்த பிறகு மனிதர்கள் இன்னும் ஆழம் பெறுகிறார்கள். புதிதாக வந்த டைமியோ என்ற ராணுவ அதிகாரியைப் பார்த்து ரோஜர் அவரைப் போலவே நடக்கவும் கட்டளையிடவும் கற்றுக்கொள்கிறான்; தனக்கென்று ஓர் இயல்பு உருவாகத் தொடங்கிய நேரத்தில் கொல்லப்படுகிறான். சூப்பர்ஹீரோ காமிக்ஸில் மரணம் நிலைப்பதில்லை என்று பழகியிருந்த நான், அவனை உயிர்ப்பிக்கும் வழி தேடி கேட் பிரான்ஸுக்குப் புறப்பட்டபோது, முடிவு தெரிந்துவிட்டதாகவே எண்ணினேன். ஆனால் ரோஜர் திரும்பவில்லை. அவனை இழந்த சகாக்கள் ஒன்றாக அமர்ந்து, ஒவ்வொருவரும் தம் வாழ்வில் கண்ட மரணத்தைப் பற்றிச் சொல்லும் அத்தியாயம் 2006இல் வெளியானது; மூலத்தொடர் முழுவதிலும் இதற்கு இணையான துக்கத்தை நான் கண்டதில்லை.

ஓவியத்தைப் பொறுத்தவரை, மிக்னோலாவின் அடர்ந்த கருமையை எதிர்பார்த்து வருபவர்களுக்குக் கை டேவிஸின் மெல்லிய, நடுங்கும் கோடுகள் முதலில் ஏமாற்றம் தரக்கூடும். சில நூறு பக்கங்களுக்குப் பின் அந்தக் கோடுகளை விட்டால் இக்கதைக்கு வேறு கோடுகள் இல்லை என்று தோன்றிவிடும். களைத்த முகங்களையும் சதை பிதுங்கும் அரக்கர்களையும் ஒரே கட்டத்தில் நம்பும்படி வரைய அவரால் முடிகிறது. இரு தொடர்களுக்கும் வண்ணம் தீட்டிய டேவ் ஸ்டூவர்ட்டின் பங்கு, இரண்டும் ஒரே உலகம் என்ற உணர்வைக் காப்பாற்றுகிறது.

2011இல் டேவிஸ் விலகிய பின் பல ஓவியர்கள் மாறி மாறி வருகிறார்கள். அவர்களில் ஜேம்ஸ் ஹாரன் வரைந்த சண்டைக் காட்சிகள் அபாரமானவை. எனினும் நகரங்கள் அடுத்தடுத்து அழிய, அழிவே பழகிப்போய், புதிதாக வரும் வீரர்களின் பெயர்கள் மனத்தில் தங்குவதில்லை. 2019இல் தொடர் நிறைவுற்றபோது இறுதிப் பகுதி அவசரமாக முடிக்கப்பட்டதாகவே எனக்குப் பட்டது. மறுவாசிப்பிலும் அக்கருத்து மாறவில்லை.

ஆகவே, தவளைக் கொள்ளைநோய்ப் பகுதியை முழுமையாகத் தரும் நான்கு தொகுப்புகளை முதலில் வாங்குங்கள். ஹெல்பாய் வேலையை விடும் கதை வரையிலாவது மூலத்தைப் படித்துவிட்டு அவற்றைத் தொடங்குங்கள். தடித்த தொகுப்புகளில் இரண்டு பக்கங்களுக்கு விரியும் ஓவியங்களின் நடுப்பகுதி தைப்புக்குள் மறைந்துவிடுவதால், அந்தப் பக்கங்களை மட்டும் டேப்லெட்டில் பார்ப்பது நல்லது. பிந்தைய பகுதிகளை யாரிடமாவது இரவல் வாங்கிப் படித்தால் போதும்.