பூக்கட்டா, பாடமா, மெய்ப்பா? மாமாவோடு மூன்றையும் செய்து பார்த்ததில்

என் மாமனாருக்கு 77 வயது. ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து வாக்கர் இல்லாமல் நடை கிடையாது, கூட இருந்து பார்த்துக்கொள்வது நான். கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர். "பென்ஷனை வாங்கித் தின்னுட்டு சும்மா உக்காந்திருக்கேனேம்மா" என்று அவர் தினமும் ஆரம்பிக்கவும், சரி, யாருக்காவது உபயோகமாக ஏதாவது செய்வோம் என்று ஒரு வருஷத்தில் மூன்று வேலைகளைத் தொட்டுப் பார்த்தோம். மூன்றிலும் காசு கிடையாது, மூன்றிலும் புண்ணியம் உண்டு, அதெல்லாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

முதலில் கோயில். எங்கள் பக்கத்தில் தொண்டு என்றாலே அப்பர் கையில் இருக்கும் உழவாரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் புல் செதுக்குவது, பிரகாரம் கழுவுவது எல்லாம் மாமாவால் ஆகாது. சுவாமிமலை மாதிரி 60 படி ஏறும் கோயில்களை யோசிக்கவே வேண்டாம். அதனால் தரைமட்டமாக இருக்கிற ஒரு சின்னக் கோயிலில் காலையில் உட்கார்ந்து பூத்தொடுக்கும் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டோம். பேச்சுத்துணைக்கு இதை அடிக்க ஒன்றும் கிடையாது. தொந்தரவு இரண்டு: பத்து மணிக்கு மேல் வெறுங்காலோடு கல்லில் நடக்க முடியாது, அப்புறம் அவசரத்துக்கு ஒதுங்க இடம் கிடையாது. நீர் மாத்திரை சாப்பிடுகிறவரை வைத்துக்கொண்டு இரண்டாவதைச் சமாளிப்பது எப்படி என்று பார்த்துக்கொள்கிறவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது எழுத்தறிவு வகுப்பு. 2022-ல் வந்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் 15 வயது தாண்டிய, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தன்னார்வலர்கள் சொல்லித்தருகிறார்கள். வாத்தியாருக்குக் கேட்கவா வேண்டும்! எங்கள் தெருமுனையில் ஒரு திண்ணை, பதினோரு பெண்கள், முக்கால்வாசிப் பேர் நூறுநாள் வேலைக்குப் போகிறவர்கள். மாமா சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னார். அந்த இரண்டு மாசம் அவர் முகத்தைப் பார்த்தவர்கள் இதுதான் சரியான வேலை என்று அடித்துச் சொல்லியிருப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்புறம் அவருக்குச் சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் படுத்தார். ஒன்பது நாள். மாலை ஆறு மணி ஆனால் போதும், "எல்லாரும் வந்து காத்துக்கிட்டிருப்பாங்கம்மா, நீயாவது போய்ச் சொல்லிட்டு வா" என்று பிடுங்கி எடுத்தார். நான் போய்ச் சொல்லிவிட்டு வந்தால், "நீயே ரெண்டு எழுத்து சொல்லிக்குடுத்திருக்கலாமே" என்பார். அவரைத் தனியாக விட்டுவிட்டு நான் எப்படி அங்கே ஒரு மணி நேரம் உட்கார்வது? காய்ச்சலை விட இந்த உறுத்தல்தான் அவரைப் படுத்தியது. எழுந்து உட்கார்ந்த நேரத்தில் நடவு வந்துவிட்டது. மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வந்துவிட்டால் நாள் முழுக்கக் குனிந்து நட்டுவிட்டு வருகிறவர்கள் சாயங்காலம் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்களா? இப்போது காத்திருந்தது இவர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வயதானவருக்கும் அவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் ஒரு தொண்டு ஒத்துவருமா என்பதற்கு, போகிற நாளை வைத்து முடிவு செய்யக்கூடாது, போகமுடியாத நாளை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும். எங்கள் வீட்டில் அது மாசத்துக்குப் பத்து நாளாவது வரும்: பிசியோதெரபி, ரத்தப் பரிசோதனை, ராத்திரி தூங்காத மறுநாள், எனக்கே முதுகு பிடித்துக்கொண்ட நாள். கோயிலில் நாம் போகாவிட்டால் இன்னொருவர் தொடுப்பார், மறுநாள் "ஏன் சார் வரல?" என்று கேட்பார்கள், அவ்வளவுதான். வகுப்பில் நாம் போகாவிட்டால் வகுப்பே இல்லை.

இந்தக் கணக்கில் ஜெயித்தது மூன்றாவது. தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் நாட்டுடைமையான பழைய நூல்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். கணினி அவற்றைப் படித்து எழுத்தாக்குகிறது, பிழைகளை ஆட்கள் திருத்துகிறார்கள், அதுதான் மெய்ப்பு. 'ர' இருக்கும் இடத்தில் துணைக்காலைப் போட்டிருக்கும், துணைக்கால் இடத்தில் 'ர' இருக்கும். மூலத்தைத் திரையில் பெரிதாக்கி மாமா வாய்விட்டுப் படிப்பார், நான் தட்டச்சு செய்வேன். ஒரு பக்கத்துக்கு எங்களுக்குக் கால்மணி நேரம். திருத்தாத பக்கத்துக்கு அங்கே சிவப்பு அடையாளம், நாங்கள் திருத்தி முடித்தால் அது மஞ்சளாகும். வேறொருவர் சரிபார்த்தால்தான் பச்சை. நானே இன்னொரு கணக்குத் தொடங்கிப் பச்சையாக்கலாமே என்றேன். "நம்ம பேப்பரை நம்மளே திருத்தி மார்க் போடறதா?" என்று கேட்டார், விட்டுவிட்டேன்.

இதில் வயதுக்கே ஒரு மரியாதை இருக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகங்களில் லை, னை எல்லாம் துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும், றா, னா வேறு மாதிரி வளைந்திருக்கும். நான் தடுக்கி விழுகிற வரியை அவர் தண்ணீர் குடிப்பதுபோல வாசிக்கிறார். ஒரே சண்டை, மூலத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தாலும் அப்படியேதான் விடவேண்டும் என்பது. முப்பது வருஷம் சிவப்பு மையோடு வாழ்ந்தவருக்கு இது பெரிய தண்டனை.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். போன ஐப்பசி மழையில் அவருக்கு நெஞ்சுச்சளி கட்டி, இருபது நாள் கணினியையே திறக்கவில்லை. பக்கம் விட்ட இடத்திலேயே இருந்தது. யாரும் போன் செய்யவில்லை, யாருக்கும் பதில் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. படிக்கிற நாளிலும் நடுவில் அவர் கண்ணசந்தால் நான் எழுந்துபோய் உலை வைக்கலாம்.

பார்வை மங்கியவர்களுக்கும், மறதி நோய் உள்ளவர்களுக்கும் இது ஒத்துவருமா என்று என்னால் சொல்லமுடியாது, எங்கள் வீட்டில் அந்த நிலை இல்லை. வாசிப்புப் பழக்கம் இல்லாதவர் என்றால் பூக்கட்டுக்கே போங்கள், வீட்டுக்குப் பக்கத்தில் கழிப்பறையோடு ஒரு கோயில் கிடைத்தால். நாங்களும் வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் போய்விட்டு வருகிறோம்.

போன மாசம் அந்த வகுப்பில் இருந்த ஒரு அம்மா வாசலில் வந்து நின்றார். வேறு யாரோ இப்போது சொல்லித்தருகிறார்களாம். இப்போது கைநாட்டுக்குப் பதிலாகத் தன் பெயரையே எழுதுகிறாராம், அதை ஒரு தாளில் எழுதி, "பாருங்க சார்" என்று மாமாவிடம் நீட்டினார். ல-வுக்கு வளைவு போதாது என்று மாமா திருத்திக் கொடுத்தார். அன்றைக்கு அவர் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை, கணினியைத் திறக்கட்டுமா என்று நானும் கேட்கவில்லை.