ஓடிபி, ஆத்தென்டிகேட்டர், பாஸ்கீ: போன் தொலைந்தால் எது கைகொடுக்கும்?

பாஸ்வேர்ட் மட்டும் போதாது என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதற்கு மேல் எந்தப் பூட்டைப் போடுவது என்பதில்தான் குழப்பம். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி, ஆத்தென்டிகேட்டர் செயலி காட்டும் ஆறு இலக்க எண், கைரேகை வைத்தால் திறக்கும் பாஸ்கீ என மூன்று வழிகள் இருக்கின்றன. லாகின் பக்கங்களை எழுதுவது என் அன்றாட வேலை. அதே மாதிரிப் பக்கங்களில் மாட்டிக்கொண்டு தவிப்பதும் அன்றாடம் நடக்கிறது.

இந்த மூன்றையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் "திருடன் உள்ளே வருவானா" என்று மட்டுமே கேட்கிறார்கள். "போன் தொலைந்த அன்று நான் உள்ளே போக முடியுமா" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. என்னிடம் உதவி கேட்டு வருகிறவர்களில், கணக்கைத் திருட்டுக் கொடுத்தவர்களைவிடத் தங்கள் கணக்குக்குள் தாங்களே போக முடியாமல் நிற்பவர்கள்தான் அதிகம்.

ஓடிபி: எல்லோருக்கும் எட்டுகிற வழி

ஓடிபி நம் ஊரில் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்கு ரிசர்வ் வங்கியின் விதி ஒரு முக்கியக் காரணம். இணையத்தில் கார்டு மூலம் பணம் செலுத்தும்போது, கார்டில் அச்சிடப்படாத இன்னொரு தகவலையும் சரிபார்க்க வேண்டும் என்பது 2009 ஆகஸ்ட் முதல் கட்டாயமானது. தொடக்கத்தில் அதற்கென்று தனி பாஸ்வேர்ட் வைத்துக்கொண்டோம். அப்புறம் அந்த இடத்தை ஓடிபி பிடித்துக்கொண்டது.

அதன் பெரிய பலம், எந்தப் போனிலும் வேலை செய்வது. பட்டன் போன் வைத்திருப்பவரும், செயலி எதுவும் நிறுவத் தெரியாதவரும் பயன்படுத்த முடிகிற வழி இந்த மூன்றில் இது ஒன்றுதான். ஓடிபியை ஒரே அடியாகக் குப்பை என்று ஒதுக்கும் டெவலப்பர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. இந்த நாட்டில் கோடிக்கணக்கானவர்களின் பணத்துக்கு இரண்டாவது பூட்டாக இருந்தது அதுதான்.

ஆனால் அந்தப் பூட்டு உங்கள் கையில் இல்லை, தொலைபேசி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2018-ல் ரெடிட் என்ற சமூக ஊடக நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் ஊழியர்களுக்கு எஸ்எம்எஸ்ஸில் வந்த ஓடிபிகளை இடைமறித்துத்தான் உள்ளே போனார்கள். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைமை நிர்வாகியாக இருந்த ஜாக் டோர்சியின் போன் எண்ணையே கைப்பற்றி, அவர் கணக்கிலிருந்து கண்டபடி ட்வீட் போட்டார்கள். நிறுவனத் தலைவருக்கே அந்த நிலைமை.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்ணை நிறுவனம் துண்டித்துவிட்டால், குறைந்தது 90 நாட்கள் கழித்து அதை வேறொருவருக்குக் கொடுக்கலாம். உங்கள் பழைய எண்ணைப் பழைய மின்னஞ்சல் கணக்கிலிருந்து நீக்க மறந்திருந்தால், அதை மீட்கும் சாவி முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகிறது. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம்மவர்கள், வங்கி ஓடிபிக்காகவே ஊர் சிம்மை மாதாமாதம் ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருப்பதற்கு இதுதான் காரணம்.

அது வந்து சேருவதற்கும் உத்தரவாதம் கிடையாது. 2021 மார்ச்சில், வணிகக் குறுஞ்செய்திகளின் வாசகங்களை முன்பே பதிவு செய்திருக்க வேண்டும் என்ற, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதியைத் தொலைபேசி நிறுவனங்கள் அமலாக்கியதும், நாடு முழுக்க ஓடிபிகள் நின்றுபோயின. மறுநாளே டிராய் அந்தச் சோதனையை ஒரு வாரம் தள்ளிவைத்தது. வங்கியின் சர்வர், உங்கள் போன், உங்கள் பாஸ்வேர்ட் எல்லாம் சரியாக இருந்தும், நடுவில் இருக்கும் ஒருவர் விதியை மாற்றினால் கதவு மூடிக்கொள்ளும் என்பதை அன்று எல்லோரும் பார்த்தோம்.

இங்கே என் தொழிலைச் சேர்ந்தவர்களிடம் ஒரு கோபத்தைச் சொல்லியாக வேண்டும். ஓடிபிக்கு ஆறு தனித்தனிக் கட்டங்கள் வைப்பதை நிறுத்துங்கள். அழகாக இருக்கிறது என்று டிசைனர் தருகிறார், நாமும் எழுதிவிடுகிறோம். ஒட்டினால் முதல் கட்டத்தில் ஓர் இலக்கம் மட்டும் விழுகிறது, போன் தானாக நிரப்ப முயன்றால் தடுமாறுகிறது, ஓர் எண்ணை அழித்தால் கர்சர் எங்கோ ஓடுகிறது. கண் பார்வை மங்கிய ஒருவர் கவுண்டவுனுக்கு எதிராக அந்தக் கட்டங்களோடு மல்லுக்கட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் மனசு கேட்காது. ஒரே ஒரு சாதாரண உள்ளீட்டுப் பெட்டி போதும். அதில் ஆட்டோகம்ப்ளீட் பண்புக்கு 'ஒன்-டைம்-கோடு' என்ற மதிப்பைக் கொடுத்தால், 2018-ல் ஐஓஎஸ் 12 வந்த காலத்திலிருந்தே ஐபோன் விசைப்பலகைக்கு மேலேயே எண்ணைக் காட்டும். ஒரு தட்டில் வேலை முடியும். ஒரு வரி நிரல்தான். அதைச் செய்திருக்கும் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எழுதியவர் மேல் மரியாதை வருகிறது.

சரி, போன் தொலைந்தால்? ஓடிபி இதில் மற்ற இரண்டையும் முந்துகிறது. அடையாள அட்டையோடு கடைக்குப் போனால் அதே எண்ணுக்கு வேறு சிம் கிடைத்துவிடும். ஆனால் உங்களுக்குச் சுலபமாகக் கிடைப்பது, உங்கள் பெயரில் போலி அடையாளத்தோடு போகிறவனுக்கும் சுலபமாகக் கிடைக்கும். சிம் மாற்றிய 7 நாட்களுக்குள் வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்ற முடியாது என்று 2024 ஜூலையில் வந்த டிராய் விதி இந்த மோசடியைக் குறிவைத்ததுதான்.

ஆத்தென்டிகேட்டர்: கணக்கு சரி, காப்பு உங்கள் பொறுப்பு

மூன்றில் தொழில்நுட்பமாக எனக்கு மிகவும் பிடித்தது இது. 2011-ல் வெளியான ஆர்எஃப்சி 6238 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இதன் முழு வழிமுறையையும் சில பக்கங்களில் சொல்லிவிடுகிறது. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போது ஒரு ரகசியச் சரம் உங்கள் போனில் பதிகிறது, அதே சரம் சர்வரிலும் இருக்கிறது. 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை 30 விநாடிகள் கடந்தன என்று இருவரும் எண்ணி, அந்த எண்ணிக்கையையும் ரகசியத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரே ஆறு இலக்கம் கிடைக்கும். டவர் வேண்டாம், இணையம் வேண்டாம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். மலையடிவாரத்தில் சிக்னல் இல்லாத வீட்டிலும் வேலை செய்யும். போன் கடிகாரம் ஓரளவு சரியாக ஓடினால் போதும்.

போலித் தளத்தை மட்டும் இதனால் தடுக்க முடியாது. நிஜத் தளம் போலவே இருக்கும் பக்கத்தில் நீங்கள் எண்ணைத் தட்டினால், நடுவில் இருப்பவன் அதே 30 விநாடிக்குள் நிஜத் தளத்தில் போட்டுவிடுவான். எவில்ஜின்க்ஸ் போன்ற கருவிகள் இதைத் தானியங்கியாகவே செய்கின்றன. ஓடிபிக்கும் இதே பலவீனம் உண்டு.

போன் தொலைந்த அன்றுதான் இது கைவிடும். ரகசியங்கள் அந்தப் போனில் மட்டும் இருந்தால் எல்லாக் கணக்குகளும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். கூகுள் ஆத்தென்டிகேட்டரில் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி 2023 ஏப்ரலில்தான் வந்தது. அதற்கு முன்பு போன் மாற்றியவர்களில் பலர் இந்தக் குழியில் விழுந்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டில் ஏஜிஸ் என்ற திறமூலச் செயலியைப் பரிந்துரைப்பேன், பாஸ்வேர்ட் போட்டுக் காப்புக் கோப்பை எடுத்து வேறிடத்தில் வைக்கலாம். க்யூஆர் கோடைக் காட்டும்போது கூடவே தரும் மீட்பு எண்களை அச்சடித்துப் பத்திரமாக வையுங்கள். கூகுள் பத்து எண்கள் தருகிறது, நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப் பதினாறு. இரண்டாம் பூட்டையும் மீட்பு எண்களையும் சேர்த்துத் தொலைத்தால் கணக்கைத் திரும்பத் தர முடியாது என்று கிட்ஹப் வெளிப்படையாகவே சொல்கிறது. பல வருட நிரல் அதற்குள் இருந்தாலும் பதில் அதேதான்.

பாஸ்கீ: பாதுகாப்பில் முதலிடம், புரியவைப்பதில் கடைசி

2022 மே மாதம் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து இதை ஆதரிப்பதாக அறிவித்தன. அடியில் இருக்கும் வெப்ஆத்தென் என்ற இணையத் தரம் 2019-லேயே முடிவாகிவிட்டது. உங்கள் சாதனம் ஒரு சாவி ஜோடியை உருவாக்குகிறது. பொதுச் சாவி மட்டும் தளத்துக்குப் போகிறது, ரகசியச் சாவி உங்களிடம் இருக்கிறது. தளத்தின் தரவுத்தளம் மொத்தமாகக் கசிந்தாலும் திருடனுக்குப் பயன்படும் ரகசியம் அதில் இருக்காது. சாவி அந்தத் தளத்தின் முகவரியான டொமைன் பெயரோடு பிணைந்திருப்பதால், ஓர் எழுத்து மாற்றிய போலித் தளத்தில் அது வேலையே செய்யாது. நீங்கள் ஏமாந்தாலும் உலாவி ஏமாறாது. நான் எழுதிய ஒரு பக்கத்தில் முதல்முறை கைரேகை வைத்து உள்ளே போனபோது கிடைத்த நிறைவு இந்தத் தொழிலில் அடிக்கடி கிடைப்பதில்லை.

அந்தப் பிணைப்புக்கும் ஒரு விலை உண்டு. 2025 நவம்பரில் எக்ஸ் நிறுவனம் பழைய ட்விட்டர் டொமைனைக் கைவிடத் தயாரானபோது, பாஸ்கீயும் யுஎஸ்பி பாதுகாப்புச் சாவியும் வைத்திருந்தவர்கள் மீண்டும் பதிவு செய்ய வேண்டியிருந்தது. சாவிகள் பழைய பெயரோடு கட்டப்பட்டிருந்தன.

அன்றாட எரிச்சல் வேறு இடத்தில் இருக்கிறது. பாஸ்கீயைச் சேமிக்கும்போது உலாவி ஒரு சன்னல் திறக்கிறது, விண்டோஸ் இன்னொன்று, பாஸ்வேர்ட் மேனேஜர் நீட்சி மூன்றாவது. எதில் சேமித்தோம் என்பது அடுத்த வாரம் நினைவில் இருப்பதில்லை. கணினியில் இல்லாத சாவியைப் போனிலிருந்து எடுக்க க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொல்கிறது. அதற்கு இரண்டிலும் புளூடூத் வேண்டும் என்பதை எத்தனை பேரால் ஊகிக்க முடியும்? இவ்வளவு நல்ல தொழில்நுட்பத்தை இவ்வளவு மோசமாகப் பரிமாறுகிறார்களே என்பது என் நிஜமான வருத்தம்.

போன் தொலைந்தால் நிலைமை, சாவி எங்கே ஒத்திசைகிறது என்பதைப் பொறுத்தது. ஐகிளவுடிலோ கூகுள் கணக்கிலோ இருந்தால் புதுப் போனில் வந்துவிடும். ஆனால் அந்த ஒரு கணக்குக்குள் நுழைவது எப்படி? எல்லா பாஸ்கீயும் அதற்குள் இருக்க, அதன் மீட்பு வழி பழைய எண்ணுக்குப் போகும் எஸ்எம்எஸ்ஸாக இருந்தால் சுற்றிவந்து ஓடிபியிலேயே நிற்கிறோம். இன்னொன்று, பாஸ்கீயைத் திறப்பது போனின் பின் எண்ணும்தான். டீக்கடையில் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தவன் போனையும் பறித்துக்கொண்டால் எல்லாம் திறந்துகொள்ளும். இந்த மாதிரித் திருட்டுகள் பெருகியதால்தான் 2024 ஜனவரியில் ஐஓஎஸ் 17.3-ல், பழகிய இடத்துக்கு வெளியே முக்கிய மாற்றங்களுக்கு முகமோ கைரேகையோ கட்டாயம் என்ற வசதியை ஆப்பிள் சேர்த்தது. ஐபோன் வைத்திருந்தால் அமைப்புகளில் அது இயங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குப் பாஸ்கீகளை எடுத்துச் செல்ல வழியில்லாதது நெடுநாள் குறை. 2024 அக்டோபரில், பாஸ்கீக்கான தரங்களை வகுக்கும் ஃபிடோ கூட்டமைப்பு அதற்கான வரைவை வெளியிட்டது, ஐஓஎஸ் 26-ல் ஆதரவு வந்திருக்கிறது.

யூபிகீ போன்ற யுஎஸ்பி சாவிகளும் உண்டு. பாதுகாப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்று தொலைந்தால் சமாளிக்க இரண்டு வாங்க வேண்டும். சர்வர்களை நிர்வகிப்பவர்களும் செய்தியாளர்களும் வாங்கலாம், வீட்டுக்குத் தேவையில்லை.

யாருக்கு எது?

அப்பா, அம்மாவின் போனில்: முதன்மை மின்னஞ்சலுக்குப் பாஸ்கீ போட்டுக் கொடுங்கள், கைரேகை வைப்பது அவர்களுக்குப் பழகிய செயல். மீட்புக்கான போன் எண்ணாக அவர்கள் எண்ணோடு உங்கள் எண்ணையும் சேர்த்து, மீட்பு எண்கள் அச்சடித்த தாளைப் பீரோவில் பத்திரங்களோடு வையுங்கள். ஆத்தென்டிகேட்டர் செயலியை அவர்கள் மேல் சுமத்த வேண்டாம், 30 விநாடி அவசரம் வயதானவர்களுக்குப் பதற்றம்தான் தரும்.

நிரல் எழுதுபவர்களுக்கு: மின்னஞ்சல், கிட்ஹப், டொமைன் பதிவுக் கணக்கு மூன்றுக்கும் இரண்டு சாதனங்களில் பாஸ்கீ. மற்றவற்றுக்கு பாஸ்வேர்ட் மேனேஜரும், காப்பு எடுத்த ஆத்தென்டிகேட்டரும். சமூக ஊடகங்களில் எஸ்எம்எஸ் வழியை நீக்கிவிடலாம். ட்விட்டர் 2023 மார்ச்சிலேயே அதைக் கட்டணச் சந்தாதாரர்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டது.

வங்கியில் தேர்வு நம் கையில் இல்லை. சிங்கப்பூரில், வங்கிச் செயலிக்குள்ளேயே இருக்கும் மின்னணுச் சாவியான டிஜிட்டல் டோக்கனை இயக்கிய வாடிக்கையாளர்கள் லாகின் செய்ய ஓடிபி பயன்படுத்துவதைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக 2024 ஜூலையில் அந்நாட்டு நிதி ஆணையமும் வங்கிகள் சங்கமும் அறிவித்தன. இங்கே டிஜிட்டல் பணப் பரிமாற்றங்களைச் சரிபார்ப்பது பற்றி ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட விதிகள் 2026 ஏப்ரல் 1-ஐ அமலாகும் தேதியாகக் குறித்தன. அவை ஓடிபியைத் தடை செய்யவில்லை, வேறு முறைகளுக்கும் இடம் தருகின்றன. யுபிஐயில் ஒவ்வொரு முறையும் ஓடிபி வருவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். முதலில் போனையும் சிம்மையும் கணக்கோடு பிணைத்துவிட்டு, பிறகு பின் எண் மட்டும் கேட்கிறது. பெட்டிக்கடை வரை அது ஓடுகிறது என்றால், கார்டுக்கும் நெட்பேங்கிங்குக்கும் அப்படி ஒரு வழியை வங்கிகளால் தர முடியும். உங்கள் வங்கிச் செயலியில் அந்த வசதி வந்தால் இயக்குங்கள், ஆனால் அதற்கு முன் போன் தொலைந்தால் எந்தக் கிளைக்கு, என்ன ஆவணத்தோடு போக வேண்டும் என்று வாடிக்கையாளர் சேவையிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.