குழுவா, குளக்கரையா?

பறவை பார்க்க ஆரம்பித்த முதல் வருடம் எனக்கு இருந்த பறவை நண்பர்கள் எல்லாரும் போனுக்குள்தான் இருந்தார்கள். படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் பெயர் வந்திருக்கும். இரண்டாம் வருடம் கோவை சிங்காநல்லூர் குளக்கரையில் இன்னும் மூன்று பேரோடு ஞாயிறு காலைகளில் நடக்கத் தொடங்கினேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

வேகம், அறிவு இரண்டிலும் குழுவை மிஞ்ச முடியாது. ஒரு வாட்ஸ்அப் குழுவில் இப்போது 1,024 பேர் வரை சேரலாம். எந்நேரமும் யாராவது விழித்திருப்பார்கள். உள்ளான் என்கிற நீர்க்கரைப் பறவைகளிலேயே ஊறிப்போனவர் ஒருவர் தூத்துக்குடியில் இருப்பார், கழுகுகளுக்கென்று ஒருவர் பெங்களூரில் இருப்பார். எங்கள் குளக்கரையில் வானத்தில் ஒரு கழுகு வட்டமடித்தால் நாலு பேரும் நாலு பெயர் சொல்வோம்.

ஆனால் படத்துக்குச் சத்தம் கிடையாது. பிளைத் நாணல் கதிர்க்குருவி என்று ஒரு வலசைப் பறவை. குளிர்காலம் முழுக்க நம்மூர்ப் புதர்களில் இருக்கும். மங்கிய பழுப்பு உடம்பு, சொல்லிக்கொள்ளும்படி ஒரு கோடோ புள்ளியோ இல்லை. அதன் படத்தைப் போட்டால் குழு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். மதியம் வரை வாதம் நடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வரும் ஓய்வுபெற்ற தபால்காரர் என் தோளைத் தொட்டு நிறுத்தினார். கருவேலம் புதருக்குள்ளிருந்து 'டக்... டக்' என்று, நாக்கை மேலண்ணத்தில் தட்டுவது போல ஒரு சத்தம். "இதுதானுங்க தம்பி. கண்ணுல தேடாதீங்க, காதுல புடிங்க" என்றார். அதற்கப்புறம் அந்தக் குருவிக்கு எனக்குப் படம் தேவைப்படவில்லை. இத்தனைக்கும் நான் அவரிடம் எதையும் கேட்கவே இல்லை. குழுவில் கேட்டதற்குத்தான் பதில் வரும். எதைக் கேட்பது என்றே தெரியாதபோது பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும்.

இதற்கு விலை நேரம். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராகச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்து இருக்க வேண்டியிருக்கிறது என்றார். நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். வாரம் இரண்டு மணி நேரம் நடக்கிற எங்கள் கணக்கில் முதலாவதற்கே ஆறு மாதம், அடுத்ததற்கு இரண்டு வருடம். (டீக்கடையில் உட்காரும் நேரத்தைச் சேர்த்தால் கொஞ்சம் சீக்கிரம் முடியும். எங்களுக்கு அப்படித்தான் முடிந்தது.)

குளக்கரையைப் புகழ்ந்துகொண்டே போகவும் மனசில்லை. நாலு பேரில் ஒருவர் வாயை மூடவே மாட்டார். அவர் சிரித்தால் எதிர்க்கரை நாமக்கோழிகூடப் புதருக்குள் ஓடிவிடும். பிடிக்காவிட்டால் குழுவை மியூட்டில் போடலாம், இவரை என்ன செய்வது? "தம்பிக்குச் சொந்த ஊரு எது, எந்தப் பக்கம்?" என்று ஆரம்பித்து எங்கே போய் முடியும் என்று தெரிந்த விசாரணையும் நேரில்தான் நடக்கிறது, குழுவில் என் குருவிப் படத்தைப் பார்த்து யாரும் அதைக் கேட்டதில்லை. விடியற்காலை ஆறு மணிக்கு ஆளில்லாத குளக்கரைக்குத் தனியாகப் போவது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு யோசனையான காரியம் என்று எங்கள் கூட்டத்துக்கு ஒரு நாள் மட்டும் வந்துபோன ஒருவர் சொன்னார். அவருக்கும், பறவை பார்ப்பவர் வேறு யாருமே இல்லாத ஊரில் இருப்பவருக்கும் குழுதான் துணை.

இருந்தாலும் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் குளக்கரையைத்தான் எடுப்பேன். பெயர் தெரியாத பறவைகள் கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

நல்லவேளை, அப்படி யாரும் கேட்கவில்லை. குளக்கரைக்கு வழி காட்டியதே இணையம்தான். எங்கே என்ன பறவை பார்த்தோம் என்று அவரவர் பட்டியல் போட்டுவைக்கும் 'ஈபேர்ட்' தளத்தில் உங்கள் குளத்தின் பக்கத்தைத் திறந்தால், சமீபத்தில் அங்கே போய்ப் பட்டியல் போட்டவர்களின் பெயர்கள் இருக்கும். அந்தப் பெயர்களைக் குழுவில் போட்டு "இவர்கள் இங்கே இருக்கிறார்களா?" என்று கேளுங்கள். கூச்சமாக இருந்தால் 2015-லிருந்து நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இருக்கிறது. ஜனவரியில் அந்த நாட்களில் கையில் பைனாகுலரோடு நிற்கும் முன்பின் தெரியாதவரிடம் போய்ப் பேசுவதை யாரும் வித்தியாசமாக நினைப்பதில்லை.

நாங்கள் சேர்ந்தது முதல் வழியில். ஒரு சனிக்கிழமைப் பட்டியல்களைப் பார்த்தேன். குளத்தில் அன்று இருந்தது ஒரே ஒரு கூழைக்கடா. அதை நாலு பேர் தனித்தனியாக எழுதிவைத்திருந்தோம், அரை மணி நேர இடைவெளிக்குள்.