பிரஷர் மாத்திரையும் ரத்த அணுக்களும்: எது எவ்வளவு?

அம்லோடிபின் மாத்திரைக்கான மருந்துக் குறிப்பை முழுக்கப் படித்தால் வயிற்றைக் கலக்கும். வெள்ளையணு குறையலாம், தட்டணு (பிளேட்லெட்) குறையலாம் என்று போட்டிருக்கும். ஆனால் அதெல்லாம் ‘மிக அரிது’ என்ற தலைப்பின் கீழ் வருவது. 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவு. இந்த மாத்திரையில் நிஜமாகவே அடிக்கடி பார்ப்பது கால் வீக்கம்தான். 10 மில்லிகிராம் சாப்பிடுபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வரும். ரத்த அணுக்களை மட்டும் கணக்கில் எடுத்தால் என் ஓட்டு இதற்கே.

எனலாப்ரில், லோசார்டான் இரண்டும் ஹீமோகுளோபினைக் கொஞ்சம் இறக்கும். எனலாப்ரிலில் சராசரியாக 0.3 கிராம், லோசார்டானில் 0.1 கிராம். உடலில் உருவாகும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் ரத்தக் குழாயைச் சுருக்குவதோடு சிவப்பணு உற்பத்தியையும் தூண்டிவிடும். இந்த மாத்திரைகள் அதன் வேலையைத் தடுப்பதால் உற்பத்தியும் சற்று மந்தமாகும். சிறுநீரக மாற்று அறுவைக்குப் பிறகு சிலருக்குச் சிவப்பணு அளவுக்கு மீறிப் பெருகும். அதை அடக்க இதே மாத்திரைகளைத்தான் கொடுக்கிறார்கள். பக்கவிளைவே அங்கே வைத்தியம்!

எனலாப்ரிலின் குடும்பத்து மூத்த மாத்திரை கேப்டோப்ரில். வெள்ளையணு சரிவுக்குப் பேர் வாங்கியது இதுதான். ஆனால் யாருக்கு என்பதுதான் முக்கியம். சிறுநீரகம் நன்றாக இருந்தவர்களில், ஆய்வுகளில் 8,600 பேருக்கு மேல் கொடுத்துப் பார்த்ததில் ஒருவருக்கே வந்தது. சிறுநீரகம் மந்தமானால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் 1.6-ஐத் தொட்டவர்களில் 500-க்கு ஒருவர். கூடவே லூபஸ் போன்ற, நோய் எதிர்ப்பு சக்தி சொந்த உடலையே தாக்கும் நோயும் இருந்தால் 3.7 சதவீதம். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் தெரிந்துவிடும். அந்தச் சமயத்தில் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் சாதாரண சளி என்று விடாமல் ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு இன்றும் எழுதித்தரும் மெத்தில்டோபா விநோதமானது. மாதக்கணக்கில் சாப்பிட்டால் 10 முதல் 20 சதவீதம் பேருக்குக் கூம்ப்ஸ் பரிசோதனை (சிவப்பணு மேல் எதிர்ப்புப் புரதம் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது) பாசிட்டிவ் காட்டும். அவர்களிலும் சிலருக்கு மட்டுமே சிவப்பணு உடைந்து சோகை வரும்.

அப்புறம் ஒன்று. ‘பிரஷர் மாத்திரை ரத்தத்தை நீர்க்க வைக்கும், அதான் தோலில் நீலத் திட்டு’ என்பவர்களின் மாத்திரைக் கவரைப் பாருங்கள். பல நேரம் அதற்குள் ஆஸ்பிரினும் இருக்கும். தட்டணுவை ஒட்டவிடாமல் செய்வது அது.