கூடுதல் அக்சஸ் பாயிண்டா, சேனல் திருத்தமா?

பினாங்கில் கல்லூரி விடுதி வைஃபை மெதுவானால் முதலில் எழும் கோரிக்கை, “இன்னொரு அக்சஸ் பாயிண்ட் (வைஃபை சிக்னலைப் பரப்பும் கருவி) மாட்டுங்கள்” என்பதுதான். முதலில் அளந்து பாருங்கள். வைஃபை அனலைசர் செயலியோடு அறை அறையாக நடங்கள். கதவை மூடியதும் சிக்னல் -67 டிபிஎம்மிலிருந்து (சிக்னல் வலிமையின் அளவு; பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க வலிமை அதிகம்) -80க்குச் சரிந்தால், புதிய கருவி தேவைதான்.

சிக்னல் -55 என நன்றாக இருந்தும் இரவு பத்து மணிக்கு வீடியோ திக்கினால் கதை வேறு. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, சேனல்கள் என்ற சிறு பாதைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; அவற்றில் ஒன்றோடொன்று மோதாமல் வழக்கமாகப் பயன்படுத்துபவை 1, 6, 11 என்ற மூன்றுதான். ஒரே சேனலில் உள்ள கருவிகள் முறை வைத்துத்தான் பேச முடியும். இன்னொன்றைச் சேர்த்தால் நெரிசல்தான் கூடும். அங்கே சேனலைப் பிரித்து, கருவிகளின் பவரைக் குறைத்து, மாணவர்களை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு நகர்த்துவதே என் தேர்வு. கருவிக்கென்று ஒரு ரிங்கிட்கூடச் செலவில்லை. மறுபடி அதே அறையில், அதே நேரத்தில் அளந்தால் பலன் தெரிந்துவிடும்.