மெத்தைக்கு அடியில் வைக்கும் மூச்சுக் கண்காணிப்புத் தட்டு: ஓராண்டுப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் மகள் 32 வாரத்தில் பிறந்தவள். திடீரென்று மூச்சை நிறுத்திவிடும் குறைமாதச் சிக்கல் அவளுக்கு இருந்ததால், காஃபீன் சிட்ரேட் மருந்து கொடுத்து, பிறகு மருந்தை நிறுத்தியும் சில நாட்கள் தொல்லையின்றிக் கழிந்த பின்னரே மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இரவும் பகலும் மானிட்டரையே பார்த்துப் பழகிவிட்ட எங்களுக்கு அது இல்லாத அறையில் உறக்கம் வரவில்லை. அதனால்தான் இந்தத் தட்டை வாங்கினோம்.

இது மூச்சை அளப்பதில்லை, மார்பும் வயிறும் ஏறி இறங்கும் அசைவை மட்டுமே உணர்கிறது. 20 விநாடிகள் அசைவு இல்லையென்றால் ஒலியெழுப்பும். மூச்சுப்பாதை அடைபட்டுக் குழந்தை காற்றுக்குத் திணறினாலும், மார்பு அசைந்துகொண்டிருக்கும் வரை கருவிக்கு எல்லாம் சரியாகவே தெரியும். ஓடும் மின்விசிறியின் அதிர்வையும், அதே கட்டிலில் படுத்திருக்கும் தாயின் அசைவையும்கூட அது குழந்தையின் மூச்சாக எடுத்துக்கொள்ளக்கூடும். தூளியில் தூங்கும் குழந்தைக்கு இதனால் பயனே இல்லை. கழுத்து மடங்கிக் கிடக்கும் தூளி குறைமாதக் குழந்தைக்கு ஏற்றதும் அன்று.

எங்கள் வீட்டில் ஒலித்தவை எல்லாமே பொய் எச்சரிக்கைகள்தான். விளக்கைப் போட்டு உதட்டின் நிறத்தைப் பார்த்தால், அவள் தட்டின் எல்லையைத் தாண்டி மெத்தையின் மூலைக்கு நகர்ந்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பாள். உருளத் தொடங்கிய பிறகு இது மிகுந்தது. ஐந்து முதல் பத்து விநாடி மூச்சை நிறுத்தி, பின் வேகமாக மூச்சு விடும், சிசுக்களுக்கு இயல்பான வழக்கத்துக்குக் கருவி ஒலிக்காது. ஆனால் கண்கொட்டாமல் பார்க்கும் பெற்றோருக்கு நெஞ்சு நின்றுவிடும். கைப்பேசியில் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டியதில்தான் அந்த அச்சம் தீர்ந்தது.

திடீர்ச் சிசு மரணத்தைத் தடுக்க வீட்டுக் கண்காணிப்புக் கருவிகளை நம்ப வேண்டாம் என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் நிலைப்பாடு. குழந்தையின் காலில் மாட்டி ஆக்சிஜன் அளக்கும் ஓவ்லெட் நிறுவனத்தின் காலுறைக்கே, அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஓவ்லெட்டின் பிந்தைய காலுறைக்கு 2023இல்தான் அனுமதி கிடைத்தது. மல்லாக்கப் படுக்கவைப்பதும், கெட்டியான சமதள மெத்தையும், என் மாமியார் ஆசையோடு தைத்த கடுகுத் தலையணையை எடுத்துவிட்டதும் இந்தக் கருவியைவிட மேலான காப்பு என்பது என் முடிவு.

நிறைமாதத்தில் நலமாகப் பிறந்த குழந்தைக்கு இதை வாங்கப் பரிந்துரைக்க மாட்டேன். வாங்கியே தீருவதென்றால், அதற்கு முன் சிசுவுக்கு முதலுதவி செய்யும் முறையை மருத்துவமனையிலேயே கற்றுக்கொள்ளுங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ, விலா உள்வாங்கினாலோ, இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினாலோ, கருவி ஒலிக்கவில்லையே என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.